லோகோமோட்டிவ் ஃப்ளீட் ரினியூவல்: புதிதாவது எஞ்சினா, நிரையா?

புறநகர் ரயில் திட்டங்களைப் பற்றிப் படிக்கும்போது ‘லோகோமோட்டிவ் ஃப்ளீட் ரினியூவல்’ என்ற தொடர் அடிக்கடி எதிர்ப்படும். தமிழில் இதை ‘ரயில் எஞ்சின்கள் புதுப்பிப்பு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வாசிப்பவர் என்ன நினைப்பார்? பழைய எஞ்சின்களைப் பழுது பார்த்து, பெயின்ட் அடித்து, மறுபடி ஓட்டப் போகிறார்கள் என்றுதான். ஆனால் அந்தத் திட்டம், இருக்கும் எஞ்சின்கள் அத்தனையையும் கழித்துவிட்டு வேறு வாங்குவதாகக்கூட இருக்கலாம். வண்டிகள் மொத்தத்தையும் குறிக்கும் ‘ஃப்ளீட்’ என்ற நடுச்சொல்லைக் கைவிட்டதால் வந்த குழப்பம் இது.

முதலில் லோகோமோட்டிவ். லத்தீனில் ‘லோகோ’ என்றால் இடத்திலிருந்து. ‘மோடிவுஸ்’ என்றால் நகர்த்துவது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இதற்கும் ரயிலுக்கும் தொடர்பே இல்லை. விலங்குகளைப் போல இடம் விட்டு இடம் நகரும் ஆற்றலைக் குறித்த பெயரடை அது. நீராவி எஞ்சின்கள் வந்த காலத்தில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் நின்று வேலை செய்தன. அவற்றிலிருந்து பிரித்துக் காட்டத்தான் ‘லோகோமோட்டிவ் எஞ்சின்’, அதாவது இடம்பெயரும் எஞ்சின் என்றார்கள். 1825இல் இங்கிலாந்தில் திறந்த ஸ்டாக்டன் - டார்லிங்டன் ரயில் பாதையில் இரண்டுமே இருந்தன: சமதளத்தில் நகரும் எஞ்சின், மேடுகளில் கயிறு கட்டி வண்டிகளை மேலே இழுக்கும் நிலையான எஞ்சின். லிவர்பூல் - மான்செஸ்டர் பாதைக்கு எது சரி என்ற விவாதம்தான் 1829இல் ரெய்ன்ஹில் போட்டி வரை போனது. அங்கே ‘ராக்கெட்’ என்ற நகரும் எஞ்சின் வென்றது. பின்னாளில் ‘எஞ்சின்’ உதிர்ந்து, பெயரடையே பெயராக நின்றுவிட்டது.

தமிழில் இதே பிரிவினைக்கு நல்ல பழஞ்சொற்கள் உண்டு. சங்கப் பாடல்களில் கரும்பு பிழியும் ஆலை ‘கரும்பின் எந்திரம்’. அது நின்ற இடத்தில் நிற்பது. சீவக சிந்தாமணியில் சீவகனின் தாய் விசயை ஏறித் தப்பிச் செல்வது ‘மயிற்பொறி’. அது பறந்து போவது. ஆகவே பொறி என்ற சொல்லுக்கு நகர்வு புதிதல்ல. நகர்பொறி, உந்துபொறி, இழுபொறி என்று பலவிதமாக எழுதுகிறார்கள். லத்தீனுக்கு நேரானது நகர்பொறி. ஆனால் எனக்கு இழுபொறிதான் பொருத்தமாகப் படுகிறது. மின்தொடர் வண்டியும்தான் தானே நகர்கிறது. அதில் மோட்டார்கள் பயணிகள் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கும். லோகோமோட்டிவ் என்பது ஆளை ஏற்றாமல், பெட்டிகளை இழுப்பதற்கென்றே இருக்கும் தனி வண்டி. புறநகர்ப் பாதைகளில் திரும்பி வரும்போது அதே எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருவதும் உண்டுதான். ஆனாலும் அந்த ஆற்றலுக்கு ‘இழுவை’ என்ற பெயர் துறையில் ஊன்றிவிட்டதால், சொல் தாங்கும்.

புறநகர் ரயில்களை ஆங்கிலத்தில் குறிக்கும் ‘கம்யூட்டர்’ என்ற சொல்லின் கதை சிறியது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தினசரிக் கட்டணங்களை ஒரே தொகையாக மாற்றிக் குறைத்துக் கொடுத்த சீட்டு ‘கம்யூட்டேஷன் டிக்கெட்’. அதை வைத்திருந்தவர் கம்யூட்டர். நம் பேச்சில் சீசன் டிக்கெட்காரர். ‘புறநகர்’ என்பது ஊரைச் சொல்கிறது, ஆளைச் சொல்வதில்லை. ‘அன்றாடப் பயணி’ ஆளைச் சொல்லிவிடும்.

அப்புறம், ஃப்ளீட். பழைய ஆங்கிலத்தில் மிதத்தல் என்ற வினையிலிருந்து வந்து, கப்பலைக் குறித்து, பிறகு கப்பல் கூட்டத்தைக் குறித்தது. இன்று டாக்சிக்கும் விமானத்துக்கும் அதே சொல். தமிழில் ‘தொகுதி’ என்கிறோம். பிழையில்லை, ஆனால் உயிரில்லை. ‘படை’ போருக்குப் போய்விடும். நான் முன்வைக்க விரும்புவது ‘நிரை’. ஆநிரை என்று மாட்டுக் கூட்டத்துக்குச் சொன்னோமே, அதே நிரை.

இது வெறும் சொல்லழகுக்காக அல்ல. நிரை வைத்திருப்பவருக்குத் தெரிந்த கணக்கும் எஞ்சின் வைத்திருப்பவரின் கணக்கும் ஒன்றுதான். காலை நெரிசலில் 40 ரயில்கள் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்றால் 40 எஞ்சின்கள் போதாது. சில பராமரிப்பில் இருக்கும், ஓரிரண்டு திடீரென்று படுத்துவிடும். அதற்கும் சேர்த்துத்தான் எண்ணிக்கை. ஓர் எஞ்சின் பொதுவாக 30 முதல் 40 ஆண்டுகள் உழைக்கும். மாட்டு நிரையில் கன்றும் கறவையும் கிழமும் கலந்திருக்கும், ஒரே ஆண்டில் எல்லாம் மூப்படையாது. எஞ்சின் நிரையோ பெரும்பாலும் ஒரே ஆர்டரில் வாங்கியது. அதனால் ஒரே சமயத்தில் எல்லாமே கிழமாகும். ஒரே உதிரிபாகம் சந்தையில் கிடைக்காமல் போனால் மொத்த நிரையும் தள்ளாடும். புதிது கேட்டால் மறுநாளே வராது. ஒப்பந்தம், தயாரிப்பு, சோதனை ஓட்டம், ஓட்டுநர் பயிற்சி என்று ஆண்டுகள் ஓடும். அதுவரை பழையதையும் ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும். இந்த இடைக்காலம்தான் திட்டமிடலில் கடினமான பகுதி. இரண்டு வகை எஞ்சின்கள், இரண்டு வகை உதிரிபாகங்கள், ஒரே பணிமனை.

இப்போது ரினியூவலுக்கு வருவோம். ‘புதுப்பிப்பு’ என்ற சொல் சரியானதே. எதைப் புதுப்பிக்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டால் போதும். புதுப்பிக்கப்படுவது நிரை. அதற்கு வழிகள் பல. சிகாகோவின் புறநகர் ரயில் நிறுவனமான மெட்ரா, சரக்கு ரயில் இழுத்த பழைய டீசல் எஞ்சின்களைப் பயணிகள் ரயிலுக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டவைத்தது. உடல் பழையது, உள்ளே நிறையப் புதியது. இதற்கு ‘மறுகட்டமைப்பு’ என்பேன். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சான் ஹோசே வரை ஓடும் புறநகர் ரயில் சேவையான கால்ட்ரெய்ன், 2024இல் அந்தத் தடத்தை மின்மயமாக்கி, டீசல் எஞ்சின் இழுத்த ரயில்களுக்குப் பதிலாக மின்தொடர் வண்டிகளை விட்டது. அடிக்கடி நின்று கிளம்பும் பாதையில் அவை சட்டென்று வேகமெடுக்கும். இது ‘பதிலீடு’. அந்தத் தடத்து வழக்கமான சேவையில் இழுபொறியே இல்லை, நிரை மட்டும் புதிதாகிவிட்டது. இரண்டையும் ‘எஞ்சின் புதுப்பிப்பு’ என்று எழுதினால் இரண்டாவது வாக்கியம் அப்பட்டமான தவறு. ‘நிரைப் புதுப்பிப்பு’ என்றால் இரண்டும் சரி.

இனி, ‘ரிடயர்’ ஆகும் எஞ்சின்களுக்கு ஒரு சொல் வேண்டும். ‘பணிநீக்கம்’ என்று எழுதுவது கூடாது, அது தண்டனை. வேலையிலிருந்து நிறுத்தி, தேவைப்பட்டால் திரும்ப ஓட்டலாம் என்று ஓரமாக வைப்பது ‘ஓய்வு’. கணக்கிலிருந்தே எடுத்து, உடைக்க அனுப்புவது ‘கழித்தல்’. புதிய எஞ்சின்கள் முழுமையாகக் கைக்கு வரும்வரை பழையவற்றை ஓய்வில் வைக்கலாம், கழிக்கக் கூடாது.