சிப் வடிவமைக்கக் கற்க அரசு என்ன தருகிறது? குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு ஒரு விளக்கம்

கவுன்சலிங் காலம் வந்துவிட்டால் மார்த்தாண்டத்திலிருந்து ஆரல்வாய்மொழி வரை கல்லூரி போர்டுகள் முளைத்துவிடும். கொஞ்ச நாளாக அவற்றில் ‘விஎல்எஸ்ஐ’ (ஏராளமான சர்க்யூட்டுகளை ஒரே சிப்பில் அடக்கும் வடிவமைப்பு), ‘செமிகண்டக்டர்’, ‘6ஜி’ எல்லாம் பெரிய எழுத்தில் வருகின்றன. “அரசுத் திட்டத்தில் சேர்ந்த கல்லூரி, சிப் செய்யப் பணம் கிடைக்கும்” என்று சொல்லி அட்மிஷன் பிடிக்கிறவர்களும் உண்டு. அந்தப் பணம் யார் கைக்கு வரும் என்பதில்தான் பெற்றோர் பலருக்கும் குழப்பம்.

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் ‘சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்’, சுருக்கமாக சி2எஸ், இதில் முதன்மையான திட்டம். ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.250 கோடி. பி.டெக், எம்.டெக், பிஎச்.டி நிலைகளில் 85,000 பேருக்குச் சிப் வடிவமைப்பில் பயிற்சி தருவது இலக்கு. மாணவர் தனியாக இதற்கு விண்ணப்பிக்க முடியாது, மாணவர் வங்கிக் கணக்குக்கும் பணம் வராது. கல்லூரி விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும். தேர்வான கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்குக் கிடைப்பது கருவி, பயிற்சி, தான் வரைந்த சிப்பை அச்சில், அதாவது உண்மையான சிப்பாகவே, பார்க்கும் வாய்ப்பு.

கருவி என்றால் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. சிப்பை வரையவும் சோதிக்கவும் வேண்டிய மென்பொருளின் உரிமக் கட்டணம் நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றின் ஆய்வகச் செலவையே விழுங்கிவிடும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான பெங்களூரு சி-டாக்கில் உள்ள ‘சிப்இன்’ மையம் அந்த மென்பொருளை ஓரிடத்தில் வைத்து, திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு இணையம் வழியே திறந்துவிடுகிறது. நாகர்கோவிலில் உட்கார்ந்தே பெரிய நிறுவனங்களின் பொறியாளர்கள் பயன்படுத்தும் அதே கருவியைத் தொடலாம்.

6ஜி போன்ற உயர் அதிர்வெண் வேலைக்கு இந்தக் கருவி ஏன் இவ்வளவு முக்கியம்? 5ஜிக்காக 2022இல் ஏலம் விட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் அலைநீளம் சுமார் 11.5 மில்லிமீட்டர். 6ஜிக்காக ஆராய்ச்சியாளர்கள் பார்க்கும் 140 கிகாஹெர்ட்ஸில் அது சுமார் 2.1 மில்லிமீட்டர். ஆன்டெனா அதில் பாதி நீளம் இருந்தால் போதும் என்பதால், ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஆன்டெனாக்களை வரிசையாகச் சிப்பின் மேலேயோ அதன் உறையிலேயோ பதித்துவிடலாம். இது வசதி. தொல்லையும் இங்கேயேதான் இருக்கிறது. சிப்பை வெளியே இணைக்கும் மெல்லிய கம்பிகூட இந்த அதிர்வெண்ணில் தூண்டுச்சுருள்போல் நடந்து சிக்னலைத் தடுக்கும். உலோகக் கோடு எவ்வளவு அகலம், எங்கே வளைகிறது, அடியில் உள்ள கிரவுண்ட் உலோகத் தளம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதெல்லாம் சர்க்யூட்டின் பகுதியாகிவிடும். பவர் ஆம்ப்ளிஃபயர் கொடுக்கும் திறன் குறையும், சூடு கூடும். ஒவ்வொரு கோட்டையும் மின்காந்த சிமுலேஷனில் ஓட்டிப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பினால் வருவது வேலை செய்யாத சிலிக்கான் துண்டுதான்.

மாணவர் வடிவங்களை மொஹாலியில் உள்ள செமிகண்டக்டர் லேபரட்டரி அச்சிடுகிறது. ஒரே வேஃபரில், அதாவது சிலிக்கான் தட்டில், பல கல்லூரிகளின் வடிவங்கள் ஏறும். ஷேர் ஆட்டோ மாதிரி, செலவு பங்காகிவிடும். ஆனால் அங்கே உள்ளது 180 நானோமீட்டர் சிமாஸ், அதாவது அந்த அளவு வரைதான் நுணுக்கமாக வரையக்கூடிய பழைய தலைமுறைச் சிப் தொழில்நுட்பம். சென்சார், சிறிய பிராசஸர், குறைந்த அதிர்வெண் ரேடியோ சர்க்யூட் எல்லாம் செய்யலாம். 140 கிகாஹெர்ட்ஸ் சிப்புக்கு அது ஒத்துவராது. “எங்கள் மாணவர்கள் 6ஜி சிப் செய்கிறார்கள்” என்று யாராவது சொன்னால், எந்த நானோமீட்டர், எந்த ஃபவுண்ட்ரி (சிப் தயாரிக்கும் ஆலை) என்று கேளுங்கள். முதல் சிப் 180 நானோமீட்டரில் வருவது குறையும் இல்லை. லேஅவுட் (சிப்பின் வரைபடம்) போட்டு, தயாரிப்பு விதிகளை மீறிய இடங்களைத் திருத்தி, திரும்பி வந்த சிப்பை அளந்து பார்க்கிற பழக்கம்தான் பின்னால் உதவும்.

கல்லூரியில் கேட்க வேண்டியது இரண்டு கேள்விதான். சி2எஸ் பட்டியலில் இந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா? சிப்இன் கருவிகளில் மாணவர்களுக்கு நேரடி லாகின் உண்டா, இல்லை ஒரு பேராசிரியர் மட்டும் பயன்படுத்துகிறாரா? ‘விஎல்எஸ்ஐ டிசைன் அண்ட் டெக்னாலஜி’ என்பது தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ 2023இல் பாடத்திட்டம் வகுத்த ஒரு படிப்பின் பெயர். அந்தப் படிப்பு இருந்தாலே திட்டத்தில் இருப்பதாக ஆகிவிடாது.

பட்டியலில் இல்லாவிட்டால்? மத்திய அரசின் மின்னணுப் பயிற்சி நிறுவனமான நீலிட்டின் கோழிக்கோடு மையத்தில் ‘ஸ்மார்ட் லேப்’ இருக்கிறது. இணையவழியிலும் விஎல்எஸ்ஐ பயிற்சி தருகிறார்கள். ஐஐடிகள் நடத்தும் இணையப் பாடத் தளமான என்பிடெலில் ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) சர்க்யூட் பாடங்கள் இலவசம், தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். என்ஜிஸ்பைஸ், எக்ஸ்ஸ்கெம், கேலேஅவுட் போன்ற இலவசத் திறந்த மூலச் சிப் வடிவமைப்பு மென்பொருட்களை வீட்டுக் கணினியில் போட்டுக்கொள்ளலாம். ஜெர்மனியின் ஐஎச்பி ஆய்வு நிறுவனம் 130 நானோமீட்டர் சிலிக்கான்-ஜெர்மேனியம் தொழில்நுட்பத்துக்கான வடிவமைப்புத் தொகுப்பைத் திறந்த மூலமாக வெளியிட்டிருக்கிறது. 100 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய சர்க்யூட்டுகளுக்கும் அது ஏற்றது. பணம் இல்லாமல் இந்தத் துறைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

நேராகக் கைக்கு வரும் உதவி மாநில அரசினுடையது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் ரூ.1,000. நாகர்கோவில் அருகே கோணம் என்ற ஊரில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் இசிஇ எடுக்க நினைக்கிறவர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும்.

படிப்பு முடித்துக் கம்பெனி தொடங்குகிறவர்களுக்கு மத்திய அரசின் டிசைன் லிங்க்டு இன்சென்டிவ், அதாவது டிஎல்ஐ என்ற ஊக்கத்தொகைத் திட்டம். தகுதியான செலவில் 50 சதவீதம் வரை, ஒரு விண்ணப்பத்துக்கு ரூ.15 கோடி உச்சவரம்பு. சிப் விற்பனைக்கு வந்த பிறகு, ஐந்து ஆண்டுகளுக்கு நிகர விற்பனையில் 6 முதல் 4 சதவீதம், உச்சவரம்பு ரூ.30 கோடி. முதல் பகுதி செலவு செய்த பிறகு திரும்பக் கிடைக்கும் தொகை. ஆகவே கையில் முதலீடு வேண்டும். முதல் அறிவிப்பின்படி விண்ணப்பக் காலம் 2024 டிசம்பர் 31 வரை, அதனால் போர்ட்டலில் இப்போதைய நிலையைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள். தொலைத்தொடர்புக் கருவியே உங்கள் நோக்கம் என்றால், தொலைத்தொடர்புத் துறை 2022 அக்டோபரில் தொடங்கிய டிடிடிஎஃப், அதாவது தொலைத்தொடர்புத் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதியையும் பாருங்கள். கல்லூரிகளும் ஸ்டார்ட்அப்களும் சேர்ந்து கேட்கலாம்.

சிப் கைக்கு வந்ததும் உற்சாகத்தில் ஆன்டெனாவை மாட்டி ஒலிபரப்பிவிடாதீர்கள். சிமுலேஷனுக்கு அனுமதி தேவையில்லை. உரிமம் விலக்கப்படாத பட்டையில் காற்றில் அலை விட்டால் சோதனை உரிமம் வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் ‘சரல் சஞ்சார்’ போர்ட்டலில் விண்ணப்பிக்கலாம். 95 கிகாஹெர்ட்ஸ் முதல் 3 டெராஹெர்ட்ஸ் வரை எளிய சோதனை அனுமதி ஒன்றைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. பரிந்துரை என்பது அனுமதி அல்ல.

கடைசியாக, வடிவத்தின் உரிமை. 2000ஆம் ஆண்டின் செமிகண்டக்டர் ஒருங்கிணைந்த சுற்று லேஅவுட் வடிவமைப்புச் சட்டப்படி அசலான லேஅவுட்டைப் பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு. விற்கத் தொடங்கி இரண்டு ஆண்டுக்கு மேல் கடந்துவிட்டால் பதிய முடியாது. படிக்கவும் ஆராயவும் பிறர் அதைப் பிரதி எடுப்பது மீறல் ஆகாது. கல்லூரிக் கருவியில், திட்டப் பணத்தில் வரைந்த லேஅவுட் யார் பெயரில் பதிவாகும் என்பதை புராஜெக்ட் தொடங்கும் முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.