வில்லை மாற்றி அல்ல, பொருத்துப்பூண்

"அண்ணை, இந்த வில்லை மாற்றியைப் போட்டால் என்ர 50 மில்லிமீற்றர் லென்ஸ் எத்தனையாய் மாறும்?"

கிளிநொச்சியில் என்னிடம் படப்பிடிப்புப் பழகும் தம்பி ஒருவர் கேட்டது. அவருடைய பெரியப்பா ஜேர்மனியிலிருந்து பழைய பிரக்டிகா கமராவின் லென்ஸ் ஒன்றை அனுப்பியிருந்தார். கிழக்கு ஜேர்மனிக் காலத்து பென்டகொன், 50 மி.மீ., துளை அளவு 1.8. அதைத் தன் சோனி கமராவில் போட அடப்டர் வேண்டும். யாரோ கொடுத்த பயிற்சிக் கையேட்டில் அடப்டருக்கு 'வில்லை மாற்றி' என்று இருந்திருக்கிறது. கடையில் போய் லென்ஸை மாற்றுகிற சாமான் என்று சொல்ல, கொழும்பிலிருந்து டெலிகன்வேட்டர் வந்து சேர்ந்தது, தூரத்தில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்ட உள்ளே கண்ணாடி வைத்த சாமான். லென்ஸின் பின்பக்கம் அது பூட்டுப்பட்டது, சோனியில் பூட்டுப்படவில்லை. காசு போனதுதான் மிச்சம்.

சொல்லின் வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலத்தீனில் 'ஆப்டுஸ்' என்றால் பொருந்தியது, 'ஆப்டாரே' என்றால் பொருத்துதல். முன்னால் 'அட்' சேர்ந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'அடப்ட்' ஆனது. அடப்டர் என்பது பொருந்தச் செய்வது. வில்லை என்ற பாதியில் எனக்குக் குறை இல்லை, பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாங்கள் எல்லாரும் படித்த சொல் அது. பிழை 'மாற்றி'யில்தான்.

அந்தச் சாமானைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெறும் உலோக வளையம், உள்ளே கண்ணாடி இல்லை. பிரக்டிகா லென்ஸின் திருகு 42 மி.மீ. விட்டம் கொண்டது, அதனால் எம் 42 என்பார்கள். அந்த லென்ஸ் தூரத்தில் உள்ளதைத் தெளிவாகக் காட்ட, அதன் பூட்டு விளிம்பு பிலிமிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவில், காட்சியைக் கண்ணுக்குத் திருப்பும் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று எழும்பி விழ இடம் விட்ட காலத்துக் கணக்கு இது. தம்பியின் சோனியில் உள்ள லென்ஸ் பூட்டுக்கு ஈ மவுண்ட் என்று பெயர், அந்தக் கமராவில் அந்த முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை, அதனால் இடைவெளி 18 மி.மீ. மட்டுமே. மீதி 27.46 மி.மீ.ஐ நிரப்புவதுதான் அடப்டரின் வேலை. ஒரு பக்கம் திருகு, மறுபக்கம் சோனியின் பூட்டு. 50 மி.மீ. லென்ஸ் 50 ஆகவே இருக்கும், 1.8 துளையும் 1.8 ஆகவே இருக்கும். எதுவும் மாறுவதில்லை. மாறாமல் வைப்பதற்குத்தானே அந்த வளையத்தை அவ்வளவு கணக்காகக் கடைகிறார்கள்!

மாற்றுகிற சாமான்களும் இருக்கின்றன. இரண்டு மடங்கு டெலிகன்வேட்டர் 50ஐ 100 ஆக்கும், வெளிச்சத்தில் இரண்டு படி தின்னும், அதாவது காலாக்கிவிடும். 0.71 மடங்குக் குறைப்பான் 50ஐ ஏறக்குறைய 35 ஆக்கும், ஒரு படி வெளிச்சம் கூட்டித் தரும். மாற்றி என்ற பெயர் இவற்றுக்கு உரியது. அதை வெறும் வளையத்துக்குக் கொடுத்துவிட்டால் இவற்றை என்ன சொல்லி அழைப்பது?

இன்னொரு இடைஞ்சலும் இருக்கிறது. கலியாண வீட்டில் "லென்ஸ் மாத்தி எடுங்கோ" என்றால், இருக்கிற லென்ஸைக் கழற்றி வேறொன்றைப் போட்டு எடுக்கச் சொல்கிறார்கள் என்றுதான் எங்கள் காது கேட்கும். 'வில்லை மாற்றிப் படம் எடுத்தல்' என்று எழுதினால் அது பெயரா வினையா என்று வாசிப்பவர் தடுமாறத்தான் செய்வார்.

இது மடிக்கணினி அடப்டரிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அது 230 வோல்ற்றை உள்ளே வாங்கி வேறாக்கித் தருகிறது, அங்கே மாற்றி என்பது சரி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பெயர் ஒன்று என்பதற்காகத் தமிழிலும் ஒன்றாக்கிவிட்டார்கள். அகராதியைப் பார்த்தவர்கள் சாமானைப் பார்க்கவில்லை.

'தகவி' என்றும் எழுதுகிறார்கள். தகவு நல்ல வேர், ஆனால் கேட்பவருக்குத் தகவல்தான் நினைவுக்கு வருகிறது. 'இணைப்பி' வயர் முனைகளுக்குப் போய்விட்டது. 'பொருத்தி' பொருளில் மிகச் சரி, இலத்தீன் வேருக்கு நேர். ஆனால் மாற்றியைப் போலவே இதுவும் வினையாக ஒலிக்கும். வெறும் 'வளையம்' என்றால் பில்டர் வளையத்தோடு குழம்பும்.

நான் 'பொருத்துப்பூண்' என்கிறேன், பேச்சில் பூண் போதும். உலக்கைப் பூணை வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மரத்தின் வாயில் இறுகி, அதோடேயே கிடக்கும் இரும்பு வளையம். பழைய லென்ஸ் வைத்திருப்பவர்களும் அடப்டரைக் கழற்றுவதில்லை, லென்ஸுக்கு ஒன்றாக வாங்கி அதிலேயே விட்டுவிடுவார்கள். பொருத்து என்பது தச்சர் வாயில் மூட்டுக்கு உள்ள பெயர். இரண்டும் சேர்ந்தால் சாமானின் வடிவமும் வேலையும் தெரிந்துவிடுகிறது.

தமிழாக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழவு இயந்திரம் என்ற சொல்லை எங்கள் வயல்காரர் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள், ஏனென்றால் அது செய்கிற வேலையைச் சொல்கிறது. துவிச்சக்கரவண்டி படிவங்களைத் தாண்டி வரவேயில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடிய ஊர் இது. ஒன்றுக்குச் செய்ததை இன்னொன்றில் பொருத்தி ஓட்டத் தெரிந்த மெக்கானிக்குகள், இடையில் செருகுவதை வோசர் என்றார்கள், புஷ் என்றார்கள், மாற்றி என்றதில்லை. கையேடு எழுதுகிறவர்கள் ஒரு நாள் கராஜில் நின்று கேட்டாலே பாதிப் பிழை போய்விடும்.

தம்பியோடு நானும் அந்தக் கடைக்குப் போனேன். "உலக்கைப் பூண் மாதிரி, உள்ளே கண்ணாடி இல்லை, ஒரு பக்கம் எம் 42, மறுபக்கம் சோனி ஈ" என்றேன். முதலாளி தலையாட்டி எழுதிக்கொண்டார். இந்த முறை சரியான சாமான் வந்தது. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் அடிக்கும்படி கமராவில் ஒரு தெரிவை மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.