கணக்காளரைச் சேர்க்கும் முன் பத்து பில்லைக் கையில் கொடுங்கள்

சிறு நிறுவனங்களில் கணக்காளர் தேர்வு பெரும்பாலும் இரண்டு கேள்வியில் முடிந்துவிடுகிறது: "டேலி தெரியுமா? சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரியும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பில்லைப் பதிவு செய்யத் தெரிந்தவர் யார், அந்த பில் சரிதானா என்று பார்க்கத் தெரிந்தவர் யார் என்பது பேச்சில் வெளிவராது. ஒரு மணி நேரம் ஒதுக்கி வேலையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

பழைய கொள்முதல் பில்கள் பத்தை, விற்பனையாளர் விவரங்களை மாற்றி, நகல் எடுங்கள். மூன்றில் பிழை வையுங்கள். கேரளாவிலிருந்து சரக்கு அனுப்பியவரின் ஜிஎஸ்டி எண் 32-ல் தொடங்கும், தமிழ்நாட்டுக்கு 33. அந்த பில்லில், மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போடும் ஐஜிஎஸ்டிக்குப் பதில், ஒரே மாநிலத்துக்குள் விற்கும்போது போடும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இருக்கட்டும். இன்னொரு பில் இரண்டு முறை வரட்டும். மூன்றாவதோடு ரூ.18,000 ரொக்கமாகக் கொடுத்த வவுச்சரை இணையுங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், பொதுவாக அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது. பிழை இருப்பதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். மூன்றில் இரண்டையாவது தானாகக் கண்டுபிடித்துக் கேட்பவரை விட்டுவிடாதீர்கள். மளமளவென்று பத்தையும் பதிவு செய்து கொடுப்பவரின் வேகம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அவர் விட்ட தவறு வரி நோட்டீஸாகத்தான் திரும்பி வரும்.

பிறகு ஒரு கேள்வி போதும்: "நம்மிடம் பில் இருக்கிறது, ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வரவில்லை. என்ன செய்வீர்கள்?" விற்பனையாளர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் நமக்குக் காட்டும் பட்டியல்தான் ஜிஎஸ்டிஆர்-2பி. உள்ளீட்டு வரியை, அதாவது கொள்முதலில் கொடுத்த ஜிஎஸ்டிக்கான கழிவை, இந்த மாதம் எடுக்காமல் குறித்து வைத்து, விற்பனையாளர் தன் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்தாரா என்று விசாரிப்பேன் என்பது சரியான பதில். "இப்ப எடுத்துக்கலாம் சார், அப்புறம் பாத்துக்கலாம்" என்பவரால் பின்னாளில் வட்டியோடு கட்ட நேரும்.

எல்லோருக்கும் அதே பில்கள், அதே கேள்வி, அதே நேரம். மதிப்பெண்ணை அன்றே எழுதிவிடுங்கள். அடுத்தவரைப் பார்த்த பிறகு எழுதினால், நன்றாகப் பேசியவருக்கே கை நீளும்.

முன்பு வேலை செய்த இடத்தில், அவர் சம்மதத்தோடு, விசாரியுங்கள். "நல்லவரா?" என்று கேட்டால் ஆம் என்றே பதில் வரும். "போகும்போது வங்கிக் கணக்கு எந்தத் தேதி வரை சரிபார்க்கப்பட்டிருந்தது?" என்று கேளுங்கள்.

எவ்வளவு தேர்ந்தவரைச் சேர்த்தாலும், கணக்கு எழுதுபவரிடமே வங்கி ஓடிபி போகும் கைப்பேசியைக் கொடுக்காதீர்கள். பணம் அனுப்பும் ஒப்புதல் உரிமையாளரிடம் இருக்கட்டும். இதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.