பப்ளிக் டொமைன்: இதில் உடைமை எங்கிருந்து வந்தது?

அக்கா மகள் ராத்திரியில் ஒலிநூல் செய்கிறாள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு போனில் வாசிக்கிறாள். எச். ஜி. வெல்ஸ் 1898இல் வெளியிட்ட, செவ்வாய்க்காரர்கள் பூமியில் வந்திறங்கும் நாவல். தமிழாக்கமும் அவளே. மொத்தம் 27 அத்தியாயம். முடிக்க முடிக்க எனக்கு அனுப்புவாள். ஒவ்வொன்றும் ஒரே வரியில்தான் தொடங்கும்: "இந்த ஒலிப்பதிவு பொதுவுடைமை."

நாலாம் அத்தியாயத்தில் பள்ளத்தில் கிடக்கும் உருளை மெல்லத் திறக்கிறது. உள்ளிருந்து ஏதோ நெளிகிறது. நல்ல வாசிப்பு. எனக்கோ முதல் வரியிலேயே மனசு சிக்கிக்கொண்டு, கட்சி மாநாட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒன்பது அத்தியாயம் பொறுத்தேன், பத்தாவதுக்கு முன்னால் போன் போட்டேன்.

அந்த வரி அவளுடையதல்ல. லிப்ரிவாக்ஸ் என்ற தன்னார்வ ஒலிநூல் திட்டத்தில் எடுத்தது. 2005இல் மான்ட்ரியலில் ஹியூ மெக்குவயர் தொடங்கியது. பழைய அறிவியல் புனைகதைகள், டார்வின் மாதிரியான அறிவியல் நூல்கள் எல்லாம் அங்கே காசில்லாமல் கேட்கலாம். எந்தப் பதிவைத் திறந்தாலும் முதலில் "இது பப்ளிக் டொமைனில் உள்ளது" என்று ஆங்கிலத்தில் அறிவிப்பார்கள். அதைத்தான் இவள் பொதுவுடைமை ஆக்கிவிட்டாள்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் தொமினியும் என்றால் ஆண்டையின் உரிமை, ஆளுகை. அது பிரெஞ்சில் தொமேன் ஆகி, "தொமேன் பப்ளிக்" என்று சட்டத்தில் ஏறி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பதிப்புரிமைச் சட்டத்தில் அதன் பொருள் ஒன்றே ஒன்று: இந்தப் படைப்பை இனி யாரும் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

"அப்போ பொதுவுடைமை சரிதானே சித்தி? எல்லாருக்கும் சொந்தம்னுதானே அர்த்தம்? பாரதியே பொது உடைமைன்னு பாடியிருக்காரே" என்றாள். பாரதி பாடியது சமுதாயத்தைப் பற்றி. அதற்குப் பிறகு சிங்காரவேலர், ஜீவா என்று ஒரு தலைமுறையே அந்தச் சொல்லை கம்யூனிசத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டது. இன்றைக்குப் பொதுவுடைமை என்றால் தமிழ்க் காதில் கேட்பது அதுதான்.

அதைக்கூட விடலாம். கோளாறு உடைமையில் இருக்கிறது. உடைமை என்றால் உடையவர் ஒருவர் வேண்டும், ஒருவரோ ஊரோ. ஊர்க் கண்மாய் ஊருக்கே சொந்தம். ஆனால் அதில் மீன் பிடிக்க வேண்டுமானால் மீன்பாசிக் குத்தகை எடுத்தாக வேண்டும். பொதுவில் இருப்பதைத் தொடுவதற்குத்தான் நம் ஊரில் ஆயிரம் பேரைக் கேட்க வேண்டும்! வெல்ஸின் நாவலுக்கு அப்படிக் கேட்க ஆளே கிடையாது. அச்சடித்து விற்கலாம், நாடகம் போடலாம், முடிவை மாற்றி எழுதலாம். உடையவர் இல்லை என்பதுதான் அங்கே விஷயமே.

நாட்டுடைமை என்று சிலர் எழுதுகிறார்கள். அது வேறு கதை. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்று, பிறகு எல்லாருக்கும் திறந்துவிட்டது. இப்போதும் தமிழக அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்குகிறது. அங்கே அரசாணை உண்டு, காசோலை உண்டு. வெல்ஸுக்கு யாரும் காசோலை எழுதவில்லை. அவர் 1946இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி அதற்குப் பிறகு அறுபது ஆண்டு. 2007 ஜனவரி 1 அன்று உரிமை தானாகக் கழன்றுகொண்டது.

அடுத்தது பொதுக்களம். இதுதான் இப்போது நாகரிகம். டொமைன் என்றால் களம் என்று யாரோ ஒருமுறை எழுதி வைக்க, எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிக்கொண்டே போகிறார்கள். நமக்குக் களம் என்றால் நெல்லடிக்கிற இடம், சண்டை போடுகிற இடம். "நாவல் பொதுக்களத்தில் உள்ளது" என்றால் காயப் போட்டிருக்கிறதா? அதே டொமைன் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் மதிப்பகம், இணைய முகவரியில் ஆள்களம். இடத்துக்கு இடம் பொருள் மாறும் என்று அங்கெல்லாம் தெரிந்திருக்கிறது, இங்கே மட்டும் தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் பலர் சொல்லைப் பார்க்கிறார்கள்; அது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை. பதிப்புரிமையையும் காப்புரிமையையும் மாற்றி மாற்றி எழுதுவதும் இதே கைகள்தான். ஒன்று நூலுக்கு, மற்றது கண்டுபிடிப்புக்கு என்று எத்தனை முறை சொல்வது!

சரி, என்னதான் சொல்லலாம்? பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு, உரிமைக்கு என்ன ஆயிற்று என்று சொன்னால் போதும். கடன் தீர்ந்தது, குத்தகை தீர்ந்தது என்கிறோமே, அப்படி உரிமை தீர்ந்த நூல். அமெரிக்காவில் 1964க்கு முன் வெளியானவற்றுக்கு 28ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1950களின் இதழ்களில் வந்த எத்தனையோ அறிவியல் சிறுகதைகளுக்கு அதை யாரும் செய்யவில்லை. அதனால்தான் அவை லிப்ரிவாக்ஸில் குவிந்து கிடக்கின்றன. அவற்றுக்கும் "அங்கே உரிமை தீர்ந்தது" கச்சிதமாகப் பொருந்தும்.

ஆனால் இவள் குரல்? அதற்கு உரிமை தீரவில்லை, இப்போதுதான் பிறந்திருக்கிறது. தமிழாக்கமும் அப்படித்தான்; மூலத்துக்கு உரிமை தீர்ந்தாலும் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. இதை அவள் மனதார விட்டுக்கொடுக்கிறாள். அண்ணன் தம்பி சொத்தில் ஒருவர் தன் பங்கை விட்டால் பத்திரப்பதிவு அலுவலகத்தில் அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். எழுத்தாளர் தன் உரிமையைப் பொது அறிவிப்பு மூலம் விட்டுவிட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவும் இடம் தருகிறது. ஆக, இது உரிமை விட்ட பதிவு. தீர்ந்தது வேறு, விட்டது வேறு. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது.

அரை மணி நேரம் வாதாடினாள். அப்புறம் பத்தாம் அத்தியாயம் வந்தது: "வெல்ஸின் மூலத்துக்கு உரிமை தீர்ந்துவிட்டது. தமிழாக்கத்துக்கும் குரலுக்கும் நான் உரிமை விட்டுவிட்டேன். எடுத்துக்கொள்ளுங்கள்." கொஞ்சம் நீளம்தான், கேட்க நன்றாக இருந்தது. முதல் ஒன்பதையும் திருத்தச் சொன்னேன். மறுபடி போர்வைக்குள் போக முடியாதாம். "செவ்வாய்க்காரங்கதானே சித்தி, அதுவரைக்கும் சிவப்பாவே இருக்கட்டும்" என்கிறாள்.