கிளேஸ் சூளைக்குப் பிறகு கையொப்பமிடுவோர் கவனத்திற்கு

கிளேஸ் என்னும் பளபளப்புப் பூச்சைச் சுடும் சூளையிலிருந்து இறக்கிய பிறகுதான் பாத்திரத்தின் அடியில் தம் பெயர் இல்லை என்பதைக் கவனித்து, கையில் கிடைத்த பெர்மனென்ட் மார்க்கரால் எழுதி விற்பனைக்கு வைத்துவிடுவதை, காட்பாடி, கரிகிரி பக்கம் மட்பாண்டத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அடிக்கடி காண்கிறேன். கிளேஸ் என்பது சூட்டில் உருகிய கண்ணாடி. அதற்குள் மை இறங்குவதில்லை, மேலே ஒட்டி மட்டுமே நிற்கிறது. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தால் பெயர் போய்விடும். கிளேஸ் படாத அடிவளையத்தில் எழுதினால் மண் மையை உறிஞ்சிக்கொள்வதால் சற்றுக் கூடுதலாக நிற்கும். எனினும் நாளும் கழுவும் கோப்பையில் அதை நம்ப முடியாது. வீட்டு ஓவனில் சுமார் 150 டிகிரியில் சூடேற்றும் பீங்கான் பேனாக்களும் அலங்காரப் பொருளுக்கே பொருந்தும்.

நிலைக்க வேண்டுமானால் மறுபடியும் சூளை வேண்டும், இல்லையேல் வைர முனை வேண்டும். கிளேஸின் மேல் தீட்டுவதற்கான ஓவர்கிளேஸ் நிறத்தை மெல்லிய தூரிகையால் அடிப்பகுதியில் எழுதி, பெரும்பாலும் 700 முதல் 800 டிகிரிக்குள் மீண்டும் சுட்டால், அந்த வெப்பத்தில் நிறம் கிளேஸின் மேற்பரப்போடு இணைந்துவிடும். ஆனால் தாழ்ந்த வெப்பத்தில் சுடும் செம்மண் பாத்திரங்களின் கிளேஸ் அதற்குள்ளேயே இளகிச் சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், உடைந்த துண்டு ஒன்றில் முதலில் சோதித்துப் பார்ப்பது அவசியம். பயன்படுத்திய பாத்திரமானால் மண் உறிஞ்சிய நீர் முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு சூளையில் ஏற்றினால் வெடிக்கக்கூடும். 573 டிகிரியை ஒட்டி, மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் சட்டென விரிவதாலும் ஆறும்போது அதேபோல் சுருங்குவதாலும், அந்தக் கட்டத்தை ஏறும்போதும் இறங்கும்போதும் நிதானமாகக் கடக்க வேண்டும். இந்த நிறங்கள் சிலவற்றில் ஈயம் இருக்கும். ஆகவே உணவு படும் உட்புறத்திலோ வாய் வைக்கும் விளிம்பிலோ எழுதவே கூடாது.

வைர முனைக் கருவியால் பெயரைச் செதுக்குவது சூளை இல்லாதவருக்கு ஏற்ற வழி. இதில் பலர் அஞ்சுவது பாத்திரம் விரிசல் விடும் என்று. நான் அஞ்சுவது தூசிக்கு. மண்ணிலும் கிளேஸிலும் சிலிக்கா இருப்பதால், உலர்ந்த நிலையில் செதுக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கி, ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் சிலிகோசிஸ் நோயை வரவழைக்கும். அந்த நோய்க்கு முழுமையான குணமில்லை. செதுக்கும் இடத்தை நனைத்துக்கொண்டு, என்95 முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, பேட்டரியில் இயங்கும் கருவியையே பயன்படுத்த வேண்டும். நீரும் மின்கம்பியும் சேரக் கூடாது. கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதும் என்பது தவறு. வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கண்ணாடியை அரிக்கும் கிரீம்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றிலுள்ள ஃப்ளோரைடு சேர்மங்களால் உண்டாகும் தோல் புண், முதலில் வலியே காட்டாமல் ஆழமாக இறங்கக்கூடியது.

மண் தோல் பதத்தில், அதாவது பாதி உலர்ந்து சற்று இறுகிய நிலையில், இருக்கும்போதே ஊசியாலோ முத்திரையாலோ பெயரைப் பதித்தால் இத்தனை பாடும் இல்லை. ஏற்கெனவே சுட்டு அடுக்கிய சரக்கிற்கு மேற்சொன்ன இரண்டு வழிகளும் வாய்க்காவிட்டால், மார்க்கரால் எழுதுவதைவிடப் பெயர் அச்சிட்ட அட்டை ஒன்றைப் பாத்திரத்தோடு கட்டிக் கொடுப்பதே வாங்குபவருக்கு நேர்மையானது.