தையல் பிரித்தாயிற்று, அப்புறமும் ஏன் இவ்வளவு அசதி?

முதுகெலும்பில் பெரிய ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களிடம் பேசினால், "வலி கூடப் பரவாயில்லை, இந்த அசதிதான் தாங்கல" என்பார்கள். குளித்துவிட்டு வந்தால் படுக்க வேண்டும்போல் இருக்கும். பத்து நிமிடம் போனில் பேசினால் கண் சொருகும். இரண்டு வாரத்தில் தையல் பிரித்து, புண் ஆறி, எக்ஸ்ரேயில் ஸ்க்ரூ எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது என்று டாக்டரும் சொல்லிவிட்டால், ஆபீஸிலிருந்து "எப்ப வர்றீங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்போதுதான் 'நமக்குத்தான் சோம்பேறித்தனம் வந்துவிட்டதோ' என்ற சந்தேகம் எட்டிப்பார்க்கும். சோம்பேறித்தனம் இல்லை. வெளியே ஆறிய தோல் ஒரு கணக்கு, உள்ளே ரத்தம், தசை, எலும்பு ஒவ்வொன்றும் வேறு வேறு கணக்கு.

பெரிய ஆபரேஷன் என்று நான் இங்கே சொல்வது ஃப்யூஷனை. இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே எலும்புத் துணுக்குகளை வைத்து, நாளடைவில் அவை ஒரே எலும்பாகக் கூடும்படி செய்வது. ஸ்க்ரூவும் கம்பியும்தான் முதுகைத் தாங்குகின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவை கான்கிரீட் இறுகும்வரை நிற்கும் சென்ட்ரிங் மாதிரி, என்ன, வேலை முடிந்த பிறகும் பெரும்பாலும் கழற்றுவதில்லை. கான்கிரீட்டை, அதாவது எலும்பை, உடம்புதான் போட வேண்டும். அதற்குப் பல மாதங்கள் ஆகும், முழுசாக இறுக ஒரு வருடம்கூட ஆகலாம். 1911-ல் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃபிரெட் ஆல்பி என்ற இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக இந்த முறையைச் செய்து காட்டியபோது ஸ்க்ரூவும் கிடையாது, கம்பியும் கிடையாது, எலும்பு கூடும்வரை நோயாளி நீண்ட நாட்கள் படுத்தே கிடக்க வேண்டும். இன்றைக்கு மறுநாளே எழுப்பி நடக்க வைக்கிறார்கள் என்றால் அதற்கு இந்த உலோகச் சென்ட்ரிங் ஒரு முக்கியக் காரணம்.

சரி, அசதிக்கு வருவோம். கத்தி வைத்தது டாக்டர்தான் என்பது உடம்புக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை பெரிய காயம், அவ்வளவுதான். உடனே கார்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் ஏறும், அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்கள் ரத்தத்தில் கலக்கும், புண்ணை ஆற்றத் தேவையான புரதத்தை உடம்பு தன் தசையிலிருந்தே உடைத்து எடுத்துக்கொள்ளும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் 1930-களில் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரைச் சோதித்தபோது, புரதம் உடையும்போது வெளிவரும் நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக வெளியேறுவதைக் கண்டார். முறிந்த கால் ஒன்றுதான், ஆனால் உடம்பு முழுவதிலிருந்தும் தசை கரைந்துகொண்டிருந்தது. முதுகில் ஆபரேஷன் ஆனவருக்குத் தொடை இளைத்துப்போவதும் இந்த வகைதான்.

இதோடு ரத்த இழப்பும் சேரும். சிவப்பணுக்கள் குறைந்தால் தசைக்குப் போகும் ஆக்சிஜனும் குறையும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும். ஹீமோகுளோபின் பழைய அளவுக்கு வர சில வாரங்கள் ஆகும், இரும்புச்சத்து ஏற்கெனவே குறைவாக இருந்தவர்களுக்கு இன்னும் கூட. அசதி ஒரு மாதத்துக்கு மேல் குறையாமல் இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, வீட்டில் பாசத்தோடு செய்யும் ஒரு தப்பு: "அசையாம படு." 1966-ல் அமெரிக்காவின் டல்லஸில் ஆரோக்கியமான 5 இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அவர்கள் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால்வாசிக்கு மேல் குறைந்துபோனது. 30 வருடம் கழித்து அதே ஐந்து பேரைச் சோதித்தால், அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் முப்பது வருட முதுமை செய்ததைவிட அதிகமாக இருந்தது. ஆபரேஷனே ஆகாத இருபது வயதுப் பையன்களுக்கே இந்தக் கதி. அதனால்தான் டாக்டர்கள் 'நட, நட' என்று உயிரை வாங்குகிறார்கள். ஒரேயடியாக அரை மணி நேரம் வேண்டாம், ஐந்து ஐந்து நிமிடமாக ஒரு நாளைக்குப் பல தடவை நடந்தால் போதும். குனிவது, பாரம் தூக்குவது, இடுப்பைத் திருப்புவது மூன்றுக்கும் டாக்டர் சொல்லும்வரை தடை. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் பக்கம் போகவே கூடாது.

சாப்பாட்டில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். முட்டையும் மீனும் சாப்பிட்டால் புண் சீழ் வைக்கும் என்று நிறுத்திவிட்டு, ரசம் சாதமும் கஞ்சியும் பிரெட்டுமாக ஒரு மாதம் ஓட்டுவார்கள். தசை கரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் செங்கல் இல்லாமல் சுவர் எழுப்பச் சொல்வது போன்றது இது. குணமாகும் காலத்தில் ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவைப்படலாம், 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். நான்கு இட்லியில் கிடைப்பது சுமார் 8 கிராம், ஒரு முட்டையில் 6. சைவக்காரர்கள் பருப்பு, சுண்டல், பனீர், தயிர் என்று கூட்டிக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. சிகரெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நிகோட்டின் எலும்பு கூடுவதையே கெடுக்கும்.

வலிக்காகத் தரும் டிராமடால், பிரீகாபலின் போன்ற மாத்திரைகளும் மந்தமாக்கும், அதற்காகத் தானாக நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இனி வேலை. உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் முதுகுக்கு ஓய்வு என்று ஆபீஸில் நினைப்பார்கள். 1960-களில் ஸ்வீடன் டாக்டர் ஆல்ஃப் நாகெம்சன் மனிதர்களின் முதுகுத் தட்டுக்குள்ளேயே (முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்) ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். படுக்கும்போதுதான் மிகக் குறைவு, நிற்பதைவிட முன்னால் சாய்ந்து உட்காரும்போது அதிகம். பின்னால் வந்த அளவீடுகளில் நேராக உட்காருவதற்கும் நிற்பதற்கும் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இல்லை, ஆனால் கூன்போட்டு லேப்டாப் பார்ப்பதற்கு யாரும் நற்சான்றிதழ் தரவில்லை. போதாததற்கு, ஆபரேஷனின்போது விலக்கிப் பிடிக்கப்பட்ட முதுகுத் தசைகள் பலவீனமாக இருக்கும், ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே அவை களைத்துவிடும்.

மேசை வேலைக்குத் திரும்ப சிலருக்கு 6 வாரம், சிலருக்கு 3 மாதம். பாரம் தூக்கும் வேலை என்றால் 3 முதல் 6 மாதம், சில சமயம் அதற்கும் மேல். இங்கே பலரும் மாட்டிக்கொள்ளும் வலை ஒன்று உண்டு. நன்றாக இருக்கும் ஒரு நாளில் இரண்டு நாள் வேலையை முடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பது. நன்றாக இருக்கும் நாளிலும் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டு எழுந்துவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம். முடிந்தால் முதல் வாரம் புதன்கிழமை சேருங்கள், மூன்றே நாளில் சனிக்கிழமை வந்துவிடும், அதுவும் அரை நாளாகக் கேட்டுப் பாருங்கள். ஆபீஸுக்குப் போய்வரும் பயணத்தையும் வேலை நேரத்திலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள், நம் ஊர் வேகத்தடைகளில் ஒரு மணி நேர பஸ் பயணம் முதுகுக்கு அரை நாள் வேலை. பைக்கைத் தொடும் முன் டாக்டரிடம் கேட்டாக வேண்டும். காய்ச்சல், புண்ணில் நீர் வடிதல், கெண்டைக்கால் வீக்கம், திடீரென்று காலில் பலம் குறைவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது என்று ஏதாவது வந்தால் மட்டும் இந்தக் கணக்கையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.