லண்டனில் பாடிய டியூனர் இங்கே ஏன் பாடவில்லை?

போன மாதம் உப்புவெளியில் இருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் கடைக்கு வந்தார். ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டியை மேசையில் இறக்கிவிட்டு, "தம்பி, மகன் லண்டனில இருந்து அனுப்பினவன். அங்க நல்லாப் பாடினதாம். இங்க ஒரு ஸ்டேஷனும் வருதில்லை. பிளேனில அடிபட்டுப் பழுதாப் போச்சோ?" என்று கேட்டார்.

வானொலி நிலையங்களைப் பிடிப்பதற்கென்று ஸ்டீரியோ செட்டோடு பொருத்துகிற டிஜிட்டல் டியூனர். கீறல் ஒன்றுகூட இல்லை. கரண்ட் கொடுத்தேன். திரை எரிந்து, தானாகத் தேடத் தொடங்கியது. கோடு ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை ஊர்ந்து போய் நின்றது. கிடைத்த நிலையங்கள்: 0.

"டீச்சர், இதில பழுது ஒண்டும் இல்லை. இது தேடுற ஒலிபரப்புத்தான் எங்கட பக்கம் இல்லை" என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மகன் ஆசையாக வாங்கி, விமானக் கூலி கட்டி அனுப்பியது. இப்படி வருகிற நாலாவது ஐந்தாவது பெட்டி இது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

'டிஜிட்டல்' என்ற ஒரே சொல்லை மூன்று வேறு சாமான்களின் மேல் ஒட்டி விற்கிறார்கள். 1980களில் வந்த செட்டுகளில் அதன் பொருள், முள்ளுக்குப் பதிலாக அலைவரிசையை எண்ணில் காட்டுவதும், அது நகராமல் குவார்ட்ஸ் பளிங்கால் பிடித்து வைப்பதும். உள்ளே வருவது சாதாரண எஃப்எம்தான். இரண்டாவது வகை டிஏபி. ஒலியையே எண்களாக்கி 174 முதல் 240 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைகளில் அனுப்பும் முறை இது. பிபிசி 1995இல் தொடங்கியது. மூன்றாவது, வீட்டு வைஃபையில் ஓடுகிற இணைய வானொலி. டீச்சரின் மகன் வாங்கியது இரண்டாவது வகை. இலங்கையில் நாம் கேட்கிற நிலையங்கள் எல்லாம் எஃப்எம்மில்தான், 88க்கும் 108க்கும் இடையில். டிஏபிக்கு எவ்வளவு விலை கொடுத்தாலும் திருகோணமலையில் அதற்குப் பிடிக்க ஒன்றும் இல்லை.

நல்ல காலம், அந்தப் பெட்டியில் எஃப்எம்மும் இருந்தது. எல்லாவற்றிலும் இருக்கும் என்று நம்ப வேண்டாம், அனுப்புவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. நோர்வே 2017இல் தேசிய நிலையங்களின் எஃப்எம்மை நிறுத்தியது. சுவிஸில் அரச ஒலிபரப்பு 2024 முடிவோடு எஃப்எம்மை விட்டு விலகியது. அதனால் அங்கே நிறைய வீடுகளில் அருமையான பழைய எஃப்எம் டியூனர்கள் அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டன. நமக்கு வேண்டியது அவைதான். 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 108 வரை போகும் எஃப்எம் என்று எல்லாமே நம்முடையதோடு அப்படியே பொருந்தும். புதுசு வாங்கி அனுப்ப வேண்டாம், கழற்றி வைத்த பழசை அனுப்பச் சொல்லுங்கள். சாமான் வாங்கும் காசு மிச்சம், சத்தமும் பல புதுப் பெட்டிகளைவிட நன்றாக இருக்கும்.

கனடாவில் இருந்து வருவது அப்படி இல்லை. அங்கே கரண்ட் 120 வோல்ட். நேரே நம் பிளக்கில் செருகினால் புகைதான். வோல்டேஜ் இறக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் போட்டாலும் இன்னொரு சிக்கல் உண்டு. அங்குள்ள நிலையங்கள் 88.1, 88.3 என்று 0.2 இடைவெளியில் நிற்பதால் பல டியூனர்கள் அந்தப் படிகளில் மட்டுமே நகரும். நம் நிலையம் 103.4இல் இருந்தால் அவை 103.3இலும் 103.5இலும்தான் நிற்கும். பின்பக்கத்தில் படியை மாற்ற ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். வட அமெரிக்காவில் உயர்ந்த ஒலிகளைத் தணிக்கும் அளவும் வேறு. அதனால் பாட்டு கொஞ்சம் மந்தமாக, போர்வைக்குள் இருந்து வருவதுபோலக் கேட்கும். ஜப்பான் சாமான் இதைவிட மோசம். 100 வோல்ட், எஃப்எம்மும் 76இல் தொடங்கிப் பழைய செட்டுகளில் 90இலேயே நின்றுவிடும். ஜப்பானில் இருந்து இறக்கிய பழைய கார்களின் ரேடியோவில் இதே தொல்லையைப் பட்டவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். போன வருஷம் கிண்ணியாவில் இருந்து ஒரு தம்பி கொண்டுவந்த ஜப்பான் டியூனரைத் திறந்தேன். ட்ரான்ஸ்ஃபோமரின் சுருள் கருகி, அரக்கு உருகித் தட்டில் ஒட்டியிருந்தது. நேராக 230இல் செருகியிருக்கிறார். பின்தகட்டில் 100வி என்று அச்சிட்டுத்தான் இருந்தது. செருகுவதற்கு முன் அந்த ஒரு வரியைப் படியுங்கள்.

சரி, டீச்சர் வீட்டுக்கு வருவோம். எஃப்எம்முக்கு மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். இரண்டு நாளில் ஃபோன்: "தம்பி, வருது, ஆனா பாட்டை விட இரைச்சல் கூட." நேரில் போய்ப் பார்த்தேன். கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. டியூனரோடு வந்த ஒற்றை வயரைச் சுருட்டி ரப்பர் பாண்ட் போட்டு, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். பக்கத்திலேயே ஒரு மலிவு ஃபோன் சார்ஜர்.

பல வீடுகளில் நடப்பது இதுதான். டியூனருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்போம், அன்டெனாவுக்கு ஒரு சதமும் கொடுக்க மாட்டோம். எஃப்எம்மில் ஸ்டீரியோ கேட்பதற்கு நல்ல சிக்னல் வேண்டும். இடது வலது வித்தியாசத்தை 38 கிலோஹேர்ட்ஸில் ஏற்றி அனுப்புகிறார்கள், அந்த உயரத்தில் எஃப்எம்மின் இரைச்சலும் அதிகம். அதனால் சிக்னல் மெலிந்த இடத்தில் ஸ்டீரியோ, இடதும் வலதும் ஒன்றாகச் சேர்ந்து வரும் மோனோவைவிட ஏறத்தாழ 20 டெசிபெல் கூடுதலாக இரையும். மோனோ பட்டனை அழுத்தினால் உடனே அமைதியாகும். செய்திக்கும் பேச்சுக்கும் அது போதும். பாட்டை இரண்டு ஸ்பீக்கரிலும் விரித்துக் கேட்க வேண்டுமென்றால் அன்டெனாவைத்தான் கவனிக்க வேண்டும்.

டீச்சருக்குச் செய்தது இவ்வளவுதான். முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு அலுமினியக் குழாய்கள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு, மொத்தம் ஒன்றரை மீட்டர் அகலம். டிஷ் டிவிக்கு இழுக்கிற அதே 75 ஓம் கேபிள். கூரைக்கு மேல் ஒரு பைப்பில் கட்டி, டீச்சர் உள்ளே இருந்து "கொஞ்சம் திருப்புங்கோ... இன்னும்... ஆ, அப்படியே விடுங்கோ" என்று குரல் கொடுக்க, மெதுவாகத் திருப்பினேன். திரையில் ஸ்டீரியோ விளக்கு ஒருமுறை மினுங்கி, பிறகு அசையாமல் நின்றது. இறங்கி வந்தபோது வாத்தியங்கள் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்டன. டீச்சர் ஒன்றும் பேசாமல் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த ஊரில் கேபிளைப் பூட்டுகிற இடத்தை மூடாமல் விடவே கூடாது. உப்புக்காற்று ஒரு மாரியிலேயே செம்பைப் பச்சையாக்கிவிடும். பிறகு சிக்னல் மெல்ல மெல்ல மெலியும், ஆட்கள் டியூனரைக் குறை சொல்வார்கள். நான் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி அதற்கு மேல் சிலிக்கனும் பூசிவிடுவேன்.

தானாகத் தேடி நிலையங்களைப் பதிகிற பட்டனை முழுவதும் நம்ப வேண்டாம். ஒரே நிலையம் நாட்டின் பல பகுதிகளுக்குப் பல அலைவரிசைகளில் வருகிறது. டியூனர் முதலில் அகப்பட்டதைப் பதிந்துவிடும், அது தூரத்து மலை ஒன்றில் இருந்து வரும் மெலிந்த சிக்னலாக இருக்கலாம். ஒவ்வொன்றையும் கையால் கேட்டுப் பார்த்து, சத்தம் தெளிவானதைப் பதியுங்கள்.

அம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில் டியூனர் அல்லது ஆக்ஸ் என்று எழுதிய துவாரங்களில் செருகுங்கள். ஃபோனோ என்பது இசைத்தட்டுக்கு உரியது. அதில் செருகினால் சத்தம் கிழியும்.

இணைய வானொலி வாங்க நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களை யோசியுங்கள். முதலாவது டேட்டா. 128 கேபிபிஎஸ்ஸில், அதாவது வினாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில், ஒரு மணிநேரம் கேட்டால் ஏறக்குறைய 58 எம்பி டேட்டா போகும். தினமும் நாலு மணிநேரம் என்றால் மாதம் 7 ஜிபி. அடுத்தது, அந்தப் பெட்டி நிலையங்களின் பட்டியலை எங்கிருந்து எடுக்கிறது என்பது. ரெசீவா என்ற பட்டியல் சேவை 2021இல் மூடப்பட்டபோது அதை நம்பியிருந்த நல்ல நல்ல பெட்டிகள் ஒரே நாளில் ஊமையாகிவிட்டன. எஃப்எம் டியூனருக்கு அந்தப் பயம் இல்லை. கையில் ஃபோன் இருப்பவர்கள் அதையே அம்ப்ளிஃபயரில் பூட்டி இணைய நிலையங்களைக் கேட்கலாம், தனிப் பெட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஐப்பசி பிறந்தால் நம் பக்கம் இடி மின்னல். அன்டெனா கூரைக்கு மேல் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். நேரே விழுகிற மின்னலுக்கு எதுவும் தாங்காது. ஆனால் நான் திருத்துகிற டியூனர்களில் பலதும் பக்கத்தில் எங்கோ விழுந்ததால் கேபிள் வழியாகப் பாய்ந்த மின்னாலேயே போனவை. வானம் கறுக்கும்போதே, இடி கேட்கத் தொடங்குவதற்கு முன்னரே, கரண்ட் பிளக்கையும் அன்டெனா கேபிளையும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். டீச்சர் சுவரில் ஒரு ஆணி அடித்து, கழற்றிய கேபிளைத் தொங்கவிட இடம் வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைக்கும் காட்டிக் கொடுத்திருக்கிறார்.